புரமோஷன் நானாவின் தீர்ப்பு

எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளைக்கு வயது எத்தனை என்று அறிய வேண்டுமானால் பிறப்புச் சான்றிதழைப் பார்த்துப் பிரயோசனம் இல்லை. அதில் இருப்பது பிறந்த தேதி மட்டும்தான். பிள்ளை உண்மையில் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று தீர்மானிக்கும் முழு அதிகாரமும், கனமூலையிலிருந்து புத்தளம் டவுன் வரைக்கும், புரமோஷன் நானா ஒருவரிடமே இருந்தது. கல்வித் திணைக்களம் தன்னை ஒரு வார்த்தை கேட்காமல் பிள்ளைகளை வகுப்பேற்றிக்கொண்டிருந்ததில் அவருக்குப் பெரிய மனத்தாங்கல்.

அவர் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். பெற்றோர் வைத்த பெயர் லைசன்ஸில் பத்திரமாக இருக்கிறது, வெளியே வருவதில்லை; ஊருக்கெல்லாம் அவர் நானா, அதாவது அண்ணன். வேனில் மூன்று வரிசை சீட். கடைசி வரிசைக்கு அவர் வைத்த பெயர் ‘தொட்டில்’. நடு வரிசை ‘பள்ளிக்கூடம்’. தனக்குப் பின்னால் இருக்கும் முதல் வரிசை ‘கச்சேரி’, அதாவது அரசாங்க அலுவலகம். கச்சேரியில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் ஷட்டரைத் திறக்கவும் ரேடியோவைக் குறைக்கச் சொல்லவும் உரிமை உண்டு. எத்தனையாம் வகுப்பு என்பது அவருக்குக் கணக்கே இல்லை. காலையில் கதவடியில் நின்று ஒவ்வொரு பிள்ளையையும் மேலும் கீழும் பார்ப்பார். “மகன் தொட்டில்.” “மகள் பள்ளிக்கூடம்.” அவ்வளவுதான் தீர்ப்பு. அப்பீல் கிடையாது.

பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் இருந்தான். அரும்பு மீசை, தடித்த குரல், கச்சேரியில் நிரந்தர இடம். ஒரு நாள் வேன் புறப்படும்போது அவனுடைய உம்மா ரொட்டித் துண்டோடு ஓடி வந்து, கடைசி வாயை ஷட்டர் வழியாக அவனுக்கு ஊட்டிவிட்டார். நானா என்ஜினை நிறுத்தினார்.

“மகன், நீங்க எத்தனையாம் வகுப்பு?”

“பத்து, நானா.”

“வாய்க்குள்ள ஈக்கிறது எத்தனையாம் வகுப்பு?”

அன்று முதல் ஒரு மாதம் அவன் தொட்டிலில் இருந்தான். இரண்டு பக்கமும் முதலாம் வகுப்புப் பிள்ளைகள், நடுவில் முழங்கால் காதைத் தொட அவன். பக்கத்திலிருந்த சின்னவன் பாவம் பார்த்துத் தன் பிஸ்கட்டில் பாதியைக் கொடுத்தானாம். அதையும் வாங்கித் தின்றதால் தண்டனை இன்னும் ஒரு கிழமை நீண்டது.

மெதுவாக வளர்வதற்கு மட்டும்தான் தண்டனை என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி ஒரு நாள் காலை பெருமூச்சு விட்டு, “எனக்கு சரியான ஸ்ட்ரெஸ்ஸா ஈக்குது நானா. மைண்ட் ரிலாக்ஸே இல்ல” என்றாள். நானா பாலாவிக்கு இந்தப் பக்கம் வேனை ஓரங்கட்டினார். தொட்டிலுக்குக் கீழே இறக்குவதற்கு அவரிடம் சீட் இல்லை. கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி யோசித்தார். ரோட்டோரத்தில் எங்கள் ஊர்க் கழுதைகள் நாலைந்து வழக்கம்போல ஒரு வேலையும் இல்லாமல் நின்றன.

“மகள், அந்தக் கழுதயப் பாருங்க. அது கத்துற வரைக்கும் வேன் போகாது.”

மற்ற நாளில் வேண்டாம் வேண்டாம் என்றாலும் கத்தித் தொலைக்கிற கழுதைகள் அன்று வாயைத் திறக்கவில்லை. பிள்ளைகள் இறங்கிப்போய்க் கழுதைக்குக் கத்திக் காட்டினார்கள். ஸ்ட்ரெஸ்காரிதான் எல்லோரிலும் நன்றாகக் கத்தினாளாம். முதல் பாடம் முடிந்த பிறகு வேன் போய்ச் சேர்ந்தது. கேட்டில் நின்ற ஸ்கூல் அதிபர் காரணம் கேட்டதற்கு, “நாங்க ரெடி சேர், கழுத ரெடியில்ல” என்று நானா உள்ளதை உள்ளபடி சொன்னார்.

நோன்பு காலத்தில் அவருடைய கோர்ட்டில் வழக்குகள் கூடிவிடும். ஏழு வயது, எட்டு வயதெல்லாம் நோன்பு பிடித்திருப்பதாகச் சொல்லிக் கச்சேரிக்கு உரிமை கேட்கும். நானா யாரையும் பொய் என்று சொல்ல மாட்டார். உதட்டோரத்தில் மீன் ரோல்ஸ் துகள் ஒட்டியிருந்த ஒருவனை அணைத்துப் பிடித்து, “மகன், அல்லாஹ் கபூலாக்கட்டும். ஆனா உங்கட நோன்புல மீன் மணக்குதே” என்றார். பிறகு அவனைக் கச்சேரியில்தான் இருத்தினார். பிடிக்க ஆசைப்பட்டானே, அதற்குப் பாதி சீட்டாவது கொடுக்க வேண்டாமா என்பது அவர் நியாயம்.

எனக்கு விளங்காத விஷயம் ஒன்றுதான். காலையில் போகும்போது என்னிடம், “இந்தக் காலத்துப் புள்ளயள் வளருதே இல்ல டீச்சர்” என்பார். பின்னேரம் வந்து, “இந்தக் காலத்துப் புள்ளயள் வேளைக்கே முத்திப் போகுது டீச்சர்” என்பார். ஒரு நாள் மறித்துக் கேட்டேன்.

“நானா, ரெண்டுல எது? ஒண்டச் சொல்லுங்க.”

“மருந்து வெச்சுப் பழுக்க வெச்ச வாழப்பழத்தப் பாத்தீக்கீங்களா? தோல் மஞ்சள், உள்ளுக்கு காய். காலம்பற நான் உள்ளுக்குப் பாக்குற. பின்னேரம் தோலப் பாக்குற.”

நான் அசந்து போனேன். வகுப்பில் சொல்லலாம் என்று மனதில் குறித்தும் வைத்தேன். அந்த நேரம் பார்த்து அவர் டேஷ்போர்டிலிருந்து அதே மருந்து வைத்த வாழைப்பழம் ஒன்றை எடுத்து உரித்து, “ஆனா டேஸ்ட் பரவால்ல” என்று சாப்பிட்டார். அவருடைய தத்துவங்கள் எல்லாம் இப்படித்தான், முழுசாக ஒரு நாள் நிற்காது.

இனி என் மகள் நுஹாவின் கதைக்கு வருகிறேன். நான் கனமூலைப் பக்கத்திலேயே படிப்பிக்கிறேன். அவளுடைய வாப்பா கத்தாரில். ஆகவே புத்தளத்தில் படித்த நுஹாவை முதலாம் வகுப்பிலிருந்து உயர்தரம் வரைக்கும் கொண்டுபோய்க் கொண்டுவந்தவர் நானாதான். ஸ்கூலுக்கு முன்னால் ரோட்டைக் கடக்கச் சின்ன வயதில் அவள் கையைப் பிடிப்பார். அவள் பெரிய பிள்ளையான பிறகு கையைப் பிடிப்பதை மரியாதையாக விட்டுவிட்டார். அதற்குப் பதிலாக அவளுடைய பையின் வாரைப் பிடித்தார். உயர்தரக் கடைசிப் பரீட்சை வரைக்கும், அவரைவிட ஒரு சாண் உயரமான என் மகள் முன்னால் நடக்க, இவர் பின்னால் வாரைப் பிடித்தபடி, ஒரு கையை உயர்த்தி லொறிகளை நிறுத்திக்கொண்டு போவார். பிள்ளைகள் வளருதே இல்லை என்று ஊரெல்லாம் திட்டுகிற மனிதர் இவர்தான்.

அதன் பலன் என்ன? என் மகளுக்கு ஃபோனில் உலகத்தையே வாங்கத் தெரியும். என்னுடைய பேங்க் வேலையெல்லாம் அவள் விரல் நுனியில். ஆனால் மதுரங்குளிச் சந்தியில் ஒரு பஸ்ஸை மறிக்கத் தெரியாது. அவள் பஸ் ஏறியதே இல்லை. “உம்மா, இறங்குற இடம் வந்தா டிரைவருக்கு எப்படி தெரியும்? மெசேஜ் போடணுமா?” என்று அவள் கேட்டதைப் பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

இந்த நிலையில் அவளுக்குக் கொழும்புக் கம்பஸில் இடம் கிடைத்தது. வீடு முழுக்கச் சந்தோசம், கத்தாரைத் தவிர. வீடியோ கோலில் அவளுடைய வாப்பா நெற்றியைத் தடவினார்.

“ஒவ்வொரு கிழமையும் ஆரு கூட்டிட்டுப் போறது, ஆரு கூட்டிட்டு வாறது?”

“பஸ்ஸுல போவேன் வாப்பா.”

“பஸ்ஸுலயா? நீங்களா?”

மனிதர் கெட்டவர் இல்லை, பயந்தவர். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். பதிவு செய்யும் நாளில் அவள் கொழும்புக்குத் தனியாகப் போய்ப் பதிவை முடித்துத் தனியாகத் திரும்பி வர வேண்டும். உம்மாவும் கூடப் போகக் கூடாது. போய் வந்தால் கம்பஸ். முடியாவிட்டால் புத்தளத்திலேயே ஏதாவது கோர்ஸ். என் மகள் அந்த இடத்துக்காகப் பட்ட பாடு எனக்குத் தெரியும். அவள் முகம் வெளிறிப்போனது. ஆனாலும், “ஓம் வாப்பா” என்றாள்.

செய்தி நானாவின் காதுக்குப் போனது. அன்று காலையும் இல்லை, பின்னேரமும் இல்லை, நடு மத்தியானம். அதனால் அவருக்கு எந்தப் பக்கம் பேசுவதென்று தெரியவில்லை.

“பச்சப் புள்ளய பஸ்ஸுல ஏத்துறதா? என்ன கத டீச்சர் இது?”

“நீங்கதானே நானா, புள்ளயள் வளருதே இல்ல எண்டு சொல்ற.”

“அது மத்தவங்கட புள்ளயளச் சொன்ன.”

இரண்டு நாள் கோபமாக இருந்தார். மூன்றாம் நாள் அவரே வந்து, புள்ளைக்கு ட்ரெய்னிங் கொடுக்க வேண்டும் என்றார். எங்கள் வீட்டு வளவில் வேன் பஸ் ஆனது. அவரே டிரைவர், அவரே கண்டக்டர், அவரே இடித்துக்கொண்டு ஏறுகிற பயணி, அவரே பிக்பொக்கெட். டிரைவராகக் கத்தி, கண்டக்டராகப் பதில் சொல்லி, பயணியாக இருவரையும் ஏசினார். மிச்சக் காசு தராத கண்டக்டராக அவர் நடித்தபோது நுஹா பயந்துபோய், “பரவால்ல வெச்சுக்கங்க” என்றாள். நானா தலையில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். நாலு நாள் பயிற்சிக்குப் பிறகு அவள் அவரிடமிருந்து மிச்சக் காசை வாங்கினாள். பிக்பொக்கெட்டுக்குக் குடைக்காம்பால் ஒன்று விழுந்தது. அதில் அவருக்கு வலியை விடப் பெருமைதான் கூட.

போகும் நாள் சனிக்கிழமை. மதுரங்குளிச் சந்தியில் நானும் மகளும் நின்றோம். நானாவைக் காணவில்லை. “கோபமா இரிப்பார் உம்மா” என்று நுஹா சொன்னாள், ஆனால் ரோட்டின் இரண்டு பக்கமும் தேடினாள். கொழும்பு பஸ் வந்தது. அவள் கையைக் காட்டினாள், அது நின்றது, ஏறினாள், போய்விட்டாள். எல்லாம் இவ்வளவு சுருக்காக நடந்ததில் எனக்கு அழக்கூட நேரம் கிடைக்கவில்லை.

பஸ் போன தூசி அடங்க முன்னம் பக்கத்துச் சின்ன ஒழுங்கையிலிருந்து வேன் வந்தது. வேனின் நெற்றியில் இருக்கும் ‘பாடசாலைச் சேவை’ என்ற எழுத்தைத் தான் இடுப்பில் உடுக்கிற சாரம் ஒன்றால் மூடிக் கட்டியிருந்தார். அந்தச் சாரத்தை மதுரங்குளியில் எல்லோருக்கும் அடையாளம் தெரியும்.

“டீச்சர், வாப்பா உம்மாவத்தானே கூடப் போக வேணாம் எண்டு சொன்ன? நான் சிலாபத்துக்கு டயர் பாக்கப் போறேன். எனக்கு மேல தட இல்லியே?”

“நானா, இது சரியில்ல. அவ தனியாப் போகணும். இது தெரிஞ்சா அவட படிப்பே போயிடும்” என்று நான் கண்டிப்பாகச் சொன்னேன். சொல்லி முடித்தபோது நான் வேனுக்குள் இருந்தேன். எப்படி ஏறினேன் என்று இன்றுவரை தெரியாது. யார் கண்ணிலும் படாமல் இருக்கக் கடைசிச் சீட்டில் குனிந்து படுத்துக்கொண்டேன்.

முந்தல் வரைக்கும் நல்லபடி போனோம். பஸ்ஸுக்குப் பின்னால் இரண்டு வாகனம் தள்ளி, ஒருவர் கண்ணிலும் படாமல். அதற்குப் பிறகு பஸ் வேகம் பிடித்தது. நானா முணுமுணுக்கத் தொடங்கினார். பஸ் ஒரு லொறியை முந்தியது. நானாவுக்குப் பொறுக்கவில்லை. ஹோர்னை அழுத்தியபடி பஸ்ஸை முந்திப் போய், டிரைவரின் பக்கமாக வேனை ஓட்டிக்கொண்டு இடது பக்க ஷட்டரை நோக்கிச் சாய்ந்து, “லமயெக் இன்னவா! ஹெமின் யன்ன!” என்று கத்தினார். சிங்களத்தில், உள்ளே பிள்ளை இருக்கிறது, மெல்லப் போங்கள் என்று அர்த்தம்.

பிறகு நடந்ததை நுஹா சொல்லித்தான் அறிந்தேன். பிள்ளை என்றதும் டிரைவர் பயந்து பிரேக் அடித்தார். கண்டக்டர், “கோ லமயா?”, எங்கே பிள்ளை, என்று கேட்டுக்கொண்டு பஸ் முழுக்கப் பிள்ளையைத் தேடினார். கருவாட்டுக் கூடையோடு சிலாபத்துக்குப் போய்க்கொண்டிருந்த உடப்புக் கிராமத்து அம்மா ஒருவர், “ஆரோ பச்சப்புள்ளய பஸ்ஸுல விட்டுட்டு எறங்கிட்டாளுக போல” என்று பதறிக் கூடையைக் கிளறிப் பார்த்தார். ஆட்கள் சீட்டுக்குக் கீழே குனிந்தார்கள். ஒருவர் பொலிசுக்கு கோல் எடுக்கப் போனார். அதற்கு மேல் முடியாமல் என் மகள் எழுந்து நின்று, தனக்குத் தெரிந்த சிங்களத்தில், “அந்தப் பிள்ளை நான்தான்” என்றாள். கண்டக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். நிமிர்ந்துதான் பார்க்க வேண்டியிருந்தது.

சிலாபத்தில் பஸ் தேத்தண்ணிக்கு நின்றது. நாங்கள் எதிர்ப்பக்கத்தில், இளநீர்க் கடையின் மறைவில் வேனோடு நின்றோம்; எட்டிப் பார்க்க நான் கடைசிச் சீட்டிலிருந்து கச்சேரிக்கு வந்திருந்தேன். மறைவு என்பது எங்கள் எண்ணம். நுஹா பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக எங்களைப் பார்த்தாள்.

நடுவில் சிலாபத்து மெயின் ரோடு. சந்தை நாள்போல வாகனங்கள். “அல்லாஹ்வே, புள்ள கடக்கப் போறா” என்றார் நானா. கதவைத் திறக்கப் போனவரின் சட்டையை நான் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டேன். அவள் வலது பக்கம் பார்த்தாள், இடது பக்கம் பார்த்தாள். ஒரு பஸ்ஸைப் போகவிட்டாள். ஒரு முச்சக்கர வண்டிக்குக் கையைக் காட்டினாள், அது நின்றது. நிறுத்தியிருந்த வேனின் பிரேக்கை நானா முழு பலத்தோடு மிதித்துக்கொண்டிருந்தார். நான் முன்சீட்டின் கம்பியைப் பிடித்திருந்தேன். அவள் ரோட்டைக் கடந்து வந்து ஷட்டரில் தட்டினாள். நாங்கள் இரண்டு பேரும் அவளை இத்தனை வருசம் பார்த்துக்கொண்டே இருந்தோம். அவள் எப்போது இவ்வளவு வளர்ந்தாள் என்று இருவருக்கும் தெரியவில்லை.

“நானா, இஞ்ச என்ன செய்றீங்க?”

“டயர் வாங்க வந்த மகள்.”

“டயர் வாங்க உம்மாவயும் கூட்டி வந்தீங்களா?”

“ஓம். அவவுக்கும் டயர் தேவையாம்.”

நுஹா சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. “வாப்பா தனியாப் போகச் சொன்னாங்க. வீட்ட போய் அவருக்கு நான் பொய் சொல்றதா? இது எண்ட படிப்பு நானா. நீங்க பின்னால வந்தா நான் போனதாகாது, நீங்க கொண்டுபோனதாத்தான் ஆகும்.”

நானா ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தீர்ப்புக்கு மேல் ஒரு தீர்ப்பை அவர் அதுவரை கேட்டதில்லை. நுஹாவின் குரல் கொஞ்சம் இறங்கியது.

“சீனிக் குளிச குடிச்சீங்களா காலம்பற?”

சர்க்கரை மாத்திரை போடவில்லை என்று அவர் தலையாட்டினார்.

“சாப்பிட்டீங்களா?”

அதற்கும் இல்லை. அவள் தன் பையைத் திறந்து, நான் அவளுக்குக் கட்டிக் கொடுத்த சாப்பாட்டுப் பார்சலை எடுத்து அவர் மடியில் வைத்தாள். “இதச் சாப்பிட்டுக் குளிசயக் குடிங்க. பிறகு திரும்பிப் போங்க. கொழும்புல இறங்கினதும் முதல் கோல் உங்களுக்குத்தான் எடுப்பேன். உம்மாக்கு நீங்க சொல்லுங்க.” என்னை அவள் ஏசவில்லை. ஒரு பார்வை மட்டும் பார்த்தாள். வகுப்பில் நான் பார்க்கிற பார்வை அது.

பஸ் ஹோர்ன் அடித்தது. அவள் திரும்பவும் ரோட்டைக் கடந்து ஏறிக்கொண்டாள். பஸ் மாதம்பைப் பக்கம் போய் மறையும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நானா பார்சலைத் திறந்தார். சாப்பிட்டார், டேஷ்போர்டில் கிடந்த குளிசையைக் குடித்தார். கண்ணைத் துடைத்துவிட்டு, “சம்பல் உறைப்பு கூட டீச்சர்” என்றார். சம்பல் நான் வைக்கவே இல்லை. பிறகு வேனைப் புத்தளம் பக்கமாகத் திருப்பினார்.

திரும்பி வந்து, எங்கள் வீட்டுக் கேட்டடியில் வேனை நிறுத்தி, ஃபோனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு இருந்தார். உள்ளே வந்து இருங்கள் என்றால் மாட்டேன் என்றார், சிக்னல் குறையுமாம். நான் என்னுடைய ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். கடைசியில் அவருடையதுதான் அடித்தது. எழுந்து நின்று பேசினார். “ஓம் மகள்... ஓம்... ஓம்...” என்று மூன்று தரம் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, ஒழுங்கை முழுக்கக் கேட்கிறமாதிரி, “டீச்சர், புள்ள பெய்த்து சேந்துட்டா!” என்றார், பத்திரமாகக் கொழும்புக்குப் போய் இறங்கிவிட்டாளாம்.

அன்று பொழுதுபட அவள் தனியாகத்தான் திரும்பி வந்தாள். சிலாபத்தில் நடந்தது உட்பட எல்லாவற்றையும் வாப்பாவிடம் அவளே சொன்னாள். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டே, “சிலாபத்துக்கு அங்கால தனியத்தானே?” என்று கேட்டார். “ஓம்” என்றாள். “அப்ப போங்க” என்றார்.

இப்போது நுஹா இரண்டாம் வருடம். ஞாயிறு பின்னேரம் போகிறாள், வெள்ளிக்கிழமை வருகிறாள். கொழும்பில் இறங்கியதும் முதல் கோல் இன்றைக்கும் நானாவுக்குத்தான். எனக்கு ஃபோன் இல்லாமல் இல்லை, அவளுக்கு என்னுடைய நம்பர் தெரியாமலும் இல்லை. ஆனாலும் அவர் கேட்டடியில் வந்து நின்று, “புள்ள பெய்த்து சேந்துட்டா” என்று சத்தம்போட்டுச் சொன்னால்தான் ஞாயிற்றுக்கிழமை இராச் சோறு எனக்குத் தொண்டையில் இறங்குகிறது.